ரெஜினா அக்காவின் சிவப்புக் கோடு

செய்தி வந்தபோது நான் பெங்களூர் ஒக்கலிபுரம் ஷெட்டில் ஒரு பஸ்ஸின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் குனிந்து பார்த்து, "ஆறுமுகம் மாமா, அல்சூர்லேருந்து போன். ரெஜினா சிஸ்டர் போய்ட்டாங்களாம்" என்றார். நான் முகத்து மூடியைக் கழற்றவில்லை. "வர்றேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்ற வெல்டை முடித்தேன். அது கோணலாகப் போயிற்று. என் ஆயுளில் நான் அடித்த முதல் கோணல் வெல்டு அதுதான் என்று எழுத ஆசைப்படுகிறேன். அக்கா இருந்திருந்தால், "பாதிய கழிச்சுக்கிட்டேன்" என்றிருப்பார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அந்த வாக்கியமும் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் பதில் அது. நூறு பேர் வந்தார்கள் என்றால் ஐம்பது என்று எடுத்துக்கொள்வார். புலி வந்தது என்றால் பூனை. இந்த நினைவு மலருக்கு எழுதித்தரச் சொல்லிச் சங்கத்தார் கேட்டபோது, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பதற்காக நான் தயங்கவில்லை. எழுதுவதில் எனக்குப் பயமே கிடையாது. கழித்துக்கொள்ள ஆள் இல்லாமல் எழுதவேண்டியிருக்கிறதே என்றுதான் தயங்கினேன்.

கண்டோன்மெண்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அக்கா. ஓய்வு என்பது காகிதத்தில்தான். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் இருந்த சந்தில் விடிந்தால் ஊசிக்கு வரிசை நிற்கும். முகத்தை மறந்தாலும் ஊசி போட்ட இடத்தை மறக்கமாட்டார். ஒருமுறை எங்கள் பேட்டை ரௌடி ஒருவன் கோயில் திருவிழாவில் அலம்பல் செய்தபோது, "டேய், உன் எடது பக்கத்து மச்சத்த எல்லாருக்கும் சொல்லவா?" என்று கேட்டார். அவன் அன்று போனவன்தான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தவறமாட்டார். ஆனால் சாமியார் நீளமாகப் பிரசங்கம் செய்தால் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பார், ஓடுகிறதா என்று.

அவர் ஒருநாள் என் ஷெட்டுக்கு வந்தார். தொண்ணூற்றாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். நான் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவன். சேஸிஸ் மட்டும் வரும், எலும்புக்கூடு மாதிரி. அதற்குச் சதை வைத்து, தோல் போர்த்தி, பெயிண்ட் அடித்துப் பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்புவோம். கர்நாடகத்தில் ஓடும் பஸ்களில் பாதி என் கை பட்டவை.

"நீ பஸ்ஸு கட்டறியே, கப்பல் கட்டுவியா?" என்று கேட்டார் அக்கா.

"கப்பலா? ரெண்டு கட்டியிருக்கேன்க்கா."

"பாதிய கழிச்சா ஒண்ணு. அந்த ஒண்ணும் பொய்யி. பரவால்ல, பைய எடு, ராத்திரி பஸ்ஸு."

நான் அதுவரை பார்த்த கப்பல் அல்சூர் ஏரியில் காலால் மிதிக்கும் வாடகைப் படகுதான். இருந்தாலும் பையை எடுத்தேன்.

போகும் வழியில்தான் காரணம் சொன்னார். ஷராவதி அணை கட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர் ஏறிவிட்டது. மேட்டில் இருந்த சில ஊர்கள் முழுகவில்லை. ஆனால் நாலு பக்கமும் தண்ணீராகிவிட்டது. ரோடு கிடையாது. ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் தோணியில் துடுப்புப் போட்டு அக்கரைக்கு வந்து, அங்கிருந்து சாகரம் டவுனுக்கு ஜீப் பிடிக்கவேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் குழு அக்கரையில் முகாம் நடத்தப் போயிருந்தது. அக்காவும் போயிருந்தார். மத்தியானம் ஒரு தோணி வந்தது. திம்மப்பா என்கிறவன் தன் பெண்டாட்டியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பிரசவ வலி கண்டவள். "இப்பத்தான் பேசினா சிஸ்டர், கொஞ்சம் பாருங்க" என்றானாம் கன்னடத்தில்.

"போயி ரொம்ப நேரமாச்சு" என்று அக்கா என்னிடம் சொன்னார். "ஒடம்பு ஜில்லுனு இருக்குது. ஆனாலும் ஸ்டெத்த வெச்சுக்கிட்டே இருந்தேன். விடியறதுக்கு முன்னாடிலேருந்து துடுப்பு போட்டிருக்கான்டா. கை ரெண்டும் கொப்புளம். எடுத்த உடனே எப்டி சொல்றது?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்ம வீட்டு பல்பு எரியறது அவங்க நெலம் முழுகுனதுனால. அவங்க ஊட்ல இன்னும் சீமெண்ணெ வெளக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் ஆறுமுகம். கரைக்கு வர்ற ஜனம் உசுரோட வரணும். செத்து வரக்கூடாது" என்றார்.

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதன்பிறகு எனக்குத் தெரிந்து அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

அந்தக் கப்பல் கரைச்சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அணை கட்டிய காலத்தில் சிமெண்ட் ஏற்றிய இரும்பு லாஞ்சு. அதைப் படகு என்று சொல்கிறவர்கள் அதன் அடியில் படுத்து என்னைப்போல் வெல்டிங் அடித்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். கப்பல்தான். சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும், செத்த இரும்பு தகரடப்பா மாதிரி இருமும். அடிப்பக்கம் முழுக்க இருமியது. ஓர் இடத்தில் சுத்தியலே உள்ளே போய்விட்டது, அதை எடுக்க முடியவில்லை. பழைய இரும்புக்குப் போட இருந்ததை அக்கா ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியிருந்தார்.

சேற்றிலிருந்து வெளியே இழுத்தவன் திம்மப்பா. நாங்கள் கொண்டுபோன சங்கிலி அறுந்தது. அவன் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து எருமைகளையும் ஆட்களையும் தோணிகளில் கொண்டுவந்தான். பெண்டாட்டி செத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். எருமைகளிடம் மட்டும் பேசுவான். கப்பல் அசைந்தபோது எல்லாரும் கத்தினார்கள், அவன் மட்டும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அக்கா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் பார்த்தேன்.

பெங்களூரிலிருந்து என் வெல்டர்கள் நாலு பேர், ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. செத்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தோம். புது பஸ் கட்டினால் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கப்பலுக்கு அதை அப்படியே உள்வெளியாகத் திருப்பினேன். உள்ளே தண்ணீரை நிரப்பினோம், வெளியே படுத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. என் வெல்டிங்கைப் பார்க்க மங்களூரிலிருந்து எஞ்சினியர்கள் வந்தார்கள் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். "ஒருத்தர் வந்தாரு. அவரும் வழி கேக்க வந்தாரு" என்பார் அக்கா.

பழைய லாரி எஞ்சின் ஒன்றை இறக்கி வைத்தோம். மேலே நான் கட்டிய ஆஸ்பத்திரி அறை இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். வளைந்த கூரை, கண்ணாடி ஜன்னல், இரண்டு கட்டில், மருந்து அலமாரி, பிரசவ மேஜை. பஸ் கட்டுகிற எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாரமானதையெல்லாம் கூரைமேல் கேரியர் கட்டி ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், பெஞ்சு, ஸ்ட்ரெச்சர், எல்லாம் மேலே. கீழே ஆளுக்கு இடம் வேண்டாமா? எங்கள் தொழிலில் சாமான் என்றால் மேலேதான். அது பஸ்ஸாக இருந்திருந்தால் இன்றைக்கும் தும்கூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓட்டுவதற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து பாஷா பாய் வந்தார். மேலே நிமிர்ந்து பார்த்துத் தாடியைச் சொறிந்தார். "க்யா ஆறுமுகம் பாய், ஒட்டகம் கட்டியிருக்கீங்க?" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் இறக்கும் நாள். புது வண்டி கிளம்பும்போது டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசணிக்காய் உடைப்பது எங்கள் தொழிலில் தப்பாத முறை. டயர் இல்லாத வண்டிக்குப் பழத்தை எங்கே வைப்பது என்று என் ஆட்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் உருட்டுக் கட்டைகளுக்கடியில் வைத்தோம். ஊர்ப் பூசாரி குங்குமம் வைத்தார், பாஷா பாய் துவா ஓதினார், அக்கா வேளாங்கண்ணித் தீர்த்தம் தெளித்தார். மூன்று பக்கமும் பாதுகாப்பு. கப்பல் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. ஜனம் ஓவென்று கத்திக்கொண்டு ஏறியது. அப்போது கரையில் நான் பூசணிக்காயைத் தூக்கினேன். அதைப் பார்க்கக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் கரைப்பக்கம் ஓடிவந்தார்கள்.

பஸ் என்றால் சாயாது. தரை இருக்கிறது. கப்பல் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, பெரிய மிருகம் படுக்கப் போகிற மாதிரி. கூரையில் தொட்டி கேரியரைப் பிய்த்துக்கொண்டு சரிந்து விழுந்தது. கீழே அக்கா நின்றிருந்தார். ஒரு குழந்தையை இழுத்துத் தள்ளினார், அவர் நகர நேரமில்லை. வலது தொடை முறிந்த சத்தம் கரையில் இருந்த எனக்குக் கேட்டது. இதில் பாதியைக் கழிக்கவேண்டாம். கேட்டது.

திம்மப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரை முதுகில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனான். அந்த வலியிலும் அக்கா சொன்னது, "ஆறுமுகம், நம்ம ஆஸ்பத்திரிக்கு மொதல் பேஷண்ட் நான்தான்டா."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். தண்ணீர் பலி கேட்கிறது, அந்தக் கப்பலில் ஏறக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சாகரத்து ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "பலி கேட்டுச்சு, சரி. குடுத்தாச்சு, என் கால். வாங்கிக்கிச்சு. இனிமே கேக்காதுன்னு போய் சொல்லு" என்றார். வேதக்காரர் பேசுகிற பேச்சா இது? அப்படியே போய்ச் சொன்னேன். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாரத்தையெல்லாம் கூரையிலிருந்து இறக்கிக் கப்பலின் அடிவயிற்றில் வைத்தோம். அக்கா காலில் கட்டோடு ஜீப்பில் வந்து, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் ஜனத்தைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினோம். "எல்லாரும் எடது பக்கம் போங்க! இப்ப வலது பக்கம்! இன்னும் ரெண்டு பேர் ஏறுங்க! மறுபடி எடது!" என்று பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் மாதிரி கத்தினார். அவர்களும் ஓடினார்கள், சிரித்துக்கொண்டு. இன்னும் இரண்டு பேர், இன்னும் இரண்டு பேர். ஒரு கட்டத்தில் பாஷா பாய் கையைத் தூக்கினார். "பஸ் சிஸ்டர், போதும். இதுக்கு மேல அல்லாதான் ஓட்டணும்."

அப்போது தண்ணீர் எங்கே தொட்டுக்கொண்டிருந்ததோ அந்த இடத்தில் கப்பலைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடச் சொன்னார். பெயிண்ட் பிரஷ்ஷைப் பிடித்தது நான். "இது கப்பலுக்கு தெர்மாமீட்டர். செவப்பு தண்ணில முங்கினா ஜொரம்னு அர்த்தம். யாரா இருந்தாலும் எறங்கணும். பிஷப்பா இருந்தாலும் சரி, ஆறுமுகமா இருந்தாலும் சரி" என்றார்.

மழைக்கு முன்பே கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. மாதத்தில் ஒரு வாரம் அக்கா அங்கே போவார், ஊன்றுகோலோடு. நான் பாதித் தடவை கூடவே போவேன். என் எஞ்சின் என் பேச்சை மட்டும்தான் கேட்கும். கரையில் நின்று ஹார்ன் அடித்தால் ஜனம் வரும். தடுப்பூசி, பிரசவம், பாம்புக்கடி, பேதி. எத்தனை பேர் என்று கேட்டால் பத்தாயிரம் என்பேன். நீங்கள் பழகியவர்கள், கழித்துக்கொள்ளுங்கள். தோணியில் பிணம் வருவது நின்றது. அதுதான் கணக்கு.

இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ஒருநாள். தூரத்து ஊரில் குழந்தைகளுக்குப் பேதி. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடும் தாய்மார்களோடும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். காற்று எழும்பியிருந்தது. எஞ்சினில் டீசல் பம்ப் செத்துவிட்டது. லாரிக்காரன் செய்கிற வேலையை நான் செய்தேன். டீசல் கேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழாய் வைத்து நேராக எஞ்சினுக்கு விட்டேன். நடுவில் காற்றுப் புகுந்தால் எடுத்துவிட எனக்குத்தான் தெரியும். திம்மப்பாவின் ஊர்க்கரையில் கூட்டம் நின்றிருந்தது. கட்டிலில் ஒரு பெண், பிரசவ வலியில். குழந்தையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. சாகரத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் போகும் என்று அக்கா பார்த்ததும் சொன்னார். கட்டிலை ஏற்றினார்கள்.

கூடவே திம்மப்பாவும் ஏறினான். காலையிலிருந்து வயிற்றுவலியாம். அக்கா அவனைப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அப்போது பாஷா பாய், "சிஸ்டர், கோடு போச்சு" என்றார்.

பெண்ணின் மாமியாரை இறக்கினோம். கட்டில் தூக்கி வந்தவர்கள் இறங்கினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டோம். பெஞ்சுகளைக் கரையில் வீசினோம். இன்னும் கோடு தண்ணீருக்கடியில்தான். அலை பெரிதாகிக்கொண்டிருந்தது. எஞ்சின் குழியிலிருந்து, "நான் எறங்கறேன்க்கா!" என்று கத்தினேன்.

"சும்னே இரு! எஞ்சின் நின்னா நடுத்தண்ணில எல்லாருமே போவோம். கேன புடி."

தாய்மார்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். குழிக்குள்ளிருந்து எனக்கு முகங்கள் தெரியாது, கால்கள்தான் தெரியும். அக்காவின் ஊன்றுகோல் தெரிந்தது. அதற்கெதிரே திம்மப்பாவின் வெறுங்கால்கள், சேறு காய்ந்து. அவன் குரல் கேட்டது. "அந்தம்மா போகட்டும் அக்கா. நாளெ பர்தீனி" என்றான், நாளைக்கு வருகிறேன் என்று. வயிற்றைப் பிடித்தபடி குனிந்து நடந்த அந்தக் கால்கள் பலகையில் இறங்கிப் போயின. அக்கா, "நாளைக்கு காலைல உனக்காகவே வர்றேன் திம்மப்பா" என்று கன்னடத்தில் சொன்னார். கோடு தண்ணீருக்குமேல் வந்தது. பாஷா பாய் மணி அடித்தார்.

அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. அதற்கு என் பெயரை வைத்தார்கள் என்று நான் சொல்லிவந்தது பொய், அது பெண் குழந்தை.

அன்று சாயங்காலமே கிளம்பலாம் என்று பாஷா பாயைக் கேட்டார் அக்கா. காற்று விடவில்லை. மறுநாள் அலை கரையில் ஏறி அடித்தது. அதற்கு மறுநாளும். அக்கா ஊன்றுகோலோடு கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். காற்று அடங்கியதும் கிளம்பினோம். அவன் ஊர் தெரிய ஆரம்பித்தபோது கரையில் புகை எழும்பியது. "டீ போடறாங்கபோல, நமக்குத்தான்" என்றேன். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. ஈர விறகு. எரியாமல் புகைந்துகொண்டிருந்தது.

அக்கா இறங்கி அதன் அருகே போய் நின்றார். அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. பங்காளி ஒருவன் கொள்ளி வைத்திருந்தான். அவன் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. "ராத்திரி ஹார்ன் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது எஞ்சின் குழியின் ஓரத்தில், முறிந்த காலை நீட்டி உட்கார்ந்தார் அக்கா.

"வயித்துல கை வெச்சேன்ல, ஆறுமுகம்? பலகை மாதிரி இருந்துச்சு. உள்ள ஓட்டை விழுந்தா அப்டிதான் இருக்கும். தெரிஞ்சுதான்டா எறக்குனேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"வேற யார எறக்கியிருக்கலாம்? சொல்லு. நீதான் எல்லாத்துக்கும் பேசுவியே."

எஞ்சினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு அவரே சொன்னார், "அவனுக்கும் தெரியும். எனக்கு தெரியும்னு அவனுக்கு தெரியும். அதனாலதான் நாளைக்கு வர்றேன்னான், எனக்காக."

அதன்பிறகு அந்தக் கரை வந்தால், ஏற ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹார்ன் அடிக்கச் சொல்வார்.

அடுத்த வருஷம் அல்சூரில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தோமே, உங்களில் பலர் வந்திருந்தீர்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். விடுவேனா? "பத்தாயிரம் பேரைக் காப்பாற்றிய கப்பல்! கரைக்கு வரும் வழியில் ஒரு உயிரைக்கூட விடாத கப்பல்!" என்று முழங்கினேன். கைதட்டல். முன்வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டியது.

"ஒண்ணு" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"ஒண்ணு விட்டோம். பேரு திம்மப்பா. அத சொல்லிட்டு மேல பேசு."

சொன்னேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன், கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டோம். அன்றிலிருந்து நான் எங்கே கப்பல் கதையைச் சொன்னாலும், அவர் அங்கே இருந்தால், அந்த இடத்தில் ஊன்றுகோல் தட்டும். பத்தாயிரத்தை அவர் ஐயாயிரமாக்கினாரே தவிர, அந்த ஒன்றைக் குறைக்கவும் விடவில்லை, கூட்டவும் விடவில்லை.

கப்பல் நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு டாக்டர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள், பாஷா பாய்க்குக் கண் மங்கியது. அக்காவின் காலில் கம்பி வைத்த இடம் சீழ் கோத்துக்கொண்டது. சர்க்கரை வேறு. போக முடியாமல் போயிற்று. கப்பல் பழையபடி கரையில் கிடக்கிறது. போன கோடையில் போய்த் தட்டிப் பார்த்தேன். என் தகடுகள் இன்னும் மணி மாதிரி பேசுகின்றன. மற்றவை இருமுகின்றன.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் சுருங்கிக் கிடந்தார். அறையில் அந்தக் காலின் நாற்றம். அதை மறைக்க ஊதுபத்தி. எத்தனையோ புண்ணைக் கழுவியவருக்கு அந்த நாற்றம் என்ன சொல்கிறது என்று தெரியாதா?

"கப்பல் ஓடுதாடா?" என்றார்.

"ஜோரா ஓடுதுக்கா. போன வாரம்கூட நாலு பிரசவம்."

கண்ணை மூடிக்கொண்டார். சிரித்தாரா, வலியா தெரியவில்லை.

"பாதிய கழிச்சா பாதி ஓடற கப்பலு. பாதி ஓடற கப்பல்னா முழுகிப்போச்சுன்னு அர்த்தம்."

அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். கல்லறையில் பெட்டியை இறக்குமுன், "கப்பல்காரரே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் சாமியார். வாய் தானாகத் திறந்துகொண்டது. பத்தாயிரம் என்றேன். கரைக்கு வரும் வழியில் ஒரு உயிரைக்கூட விடாத கப்பல் என்றேன். பழக்கம். சொல்லிவிட்டு நின்றேன். ஊன்றுகோல் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கயிறு உரசுகிற சத்தம்தான் கேட்டது. சுற்றி நின்றவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள். அழவில்லை, என் கணக்கைத் திருத்த வேறு யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் திறக்கவில்லை. அப்புறம் நானே சொன்னேன்: "ஒருத்தர் தவிர. திம்மப்பா."

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஊன்றுகோலைக்கூடப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒன்று மட்டும்தான். இனி அதைத் தட்டிச் சொல்ல அவர் இல்லாததால், நான்தான் சொல்லியாகவேண்டும், எங்கே பேசினாலும். ஆகவே அக்காவைத் தெரிந்தவர்களே, கப்பலைப் பற்றியும் என் வெல்டிங்கைப் பற்றியும் மங்களூர் எஞ்சினியர்களைப் பற்றியும் நான் எழுதியதில் தாராளமாகப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் முக்காலும் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவனை மட்டும் கழிக்காதீர்கள்.